புகையானின் தங்கை

அந்தக் காலத்தில், பூச்சிகள் மனிதரோடு பேச்சுவார்த்தை வைத்திருந்தபோது, ஒச்சாயி என்றொரு வயல்காரி இருந்தாள். வெள்ளம் வந்த வருசம், சூலாக இருந்த ஒரு பூச்சி நனைந்த சிறகோடு அவள் நெற்பயிரில் வந்து ஒண்டியது. பாவம் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு இளகிய மனசு, அதனால்தான் இந்தக் கதையே.

அந்தப் பூச்சிக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஊசி வாய், உறிஞ்சத்தான் தெரியும். மூத்தவள் புகையான். பயிரின் தூரடியில் உட்கார்ந்து சாற்றைக் குடித்தாள், முட்டைகளை நெல்தாளுக்குள் செருகி ஒளித்தாள். இளையவள் பச்சை நிறம். இடம் கொடுத்த வீட்டில் வாய் வைக்கக் கூசி, பனித்துளியைக் குடித்துக் கிடந்தாள்.

கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், புகையான் குடித்த இடமெல்லாம் பயிர் வட்டம் வட்டமாகக் கருகியது. ஒச்சாயி வீட்டில் ஒரு பிடி விதைநெல்கூட மிச்சமில்லை. இதுவும் போனால் அடுத்த வருசம் விதைக்க வழியில்லை. கூடை நிறைய அடுப்புச் சாம்பலோடு வரப்புக்கு வந்தாள்.

இளையவள் கூடை விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, இதத் தூவுனா அக்காவும் சாவா, நானும் சாவேன். தாளுக்குள்ள இருக்கற முட்டைக்கு ஒண்ணும் ஆகாது, அது பொரிச்சு வந்து மிச்சப் பயிரையும் குடிச்சிரும். அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். என் ஊசி அங்க எட்டும்."

"உனக்கும் அதே வாய்தானே. உன்ன எப்படி நம்புறது?"

"நனைஞ்சு வந்த எங்கம்மாவ நீங்க வெரட்டலியே. அத நான் மறக்கல."

ஒச்சாயி கருகிய வட்டங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு சாம்பலை வாய்க்காலில் கொட்டினாள்.

இளையவள் தாள் தாளாக ஊசியை இறக்கினாள். அக்காள் பிள்ளைகளாயிற்றே, அழுதுகொண்டேதான் முட்டைகளைக் குடித்தாள். ஒன்றிரண்டு முட்டைகளை மனசு கேட்காமல் விட்டும்விட்டாள். கருகல் அதற்குமேல் பரவவில்லை.

அறுப்பில் பாதி வயல்தான் தேறியது. விதைக்கு அது போதும். ஒச்சாயி மூலையில் ஒரு கைப்பிடிப் பயிரை அறுக்காமல் விட்டு, கண் கலங்கக் கும்பிட்டாள். "தாயி, நீ இல்லேன்னா என் விதைப்பானை காலி. இது உனக்கு."

"நான்தான் நெல்லத் தொடமாட்டேனே அம்மா."

"திங்க இல்ல. குடியிருக்க."

அன்று முதல்தான், ஒரே வாய் கொண்ட இருவரில் அக்காள் பயிரைக் குடிக்க, தங்கை அக்காளின் முட்டையைக் குடிக்கிறாள். அறுத்த வயலில் ஒரு மூலைப் பயிர் மட்டும் நின்றால், மறந்துவிட்டார்கள் என்று அரிவாளை எடுக்காதீர்கள். அது ஒருத்தியின் வீடு.