சாமி ஊற்றிய தண்ணீர்

கயத்தாறுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் இருந்தது அந்த ஆசிரமம். அதை நடத்திவந்த சாமிக்கு ஒரு குணம் உண்டு. எதிரே யாருக்காவது வேர்த்தால் அவருக்குப் பொறுக்காது. வெயிலில் உழுகிறவனைக் கண்டால் கலப்பையை வாங்கிக்கொள்வார். அவருக்கு உழத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆசிரமத்தில் சமையல் பார்க்கும் இசக்கியப்பனின் வீடு ஐப்பசி மழையில் விழுந்துவிட்டது. அவன் மனைவி பேச்சித்தாய் அப்போது மாசமாக இருந்தாள். சீடர்கள் எல்லோரும் சேர்ந்து அவர்களுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுக்க முடிவுசெய்தார்கள். சுவர் எழும்பி, தளத்தைத் தாங்கச் சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்தாயிற்று. அன்றைக்குத் தளம் போடும் நாள்.

கலவைக்குப் பொறுப்பு செண்பகவல்லி. ஆசிரமத்துக்கு வருமுன் புருஷனோடு சேர்ந்து காண்ட்ராக்ட் எடுத்து ஊர் ஊராக வீடு கட்டியவள். புருஷன் போன பிறகு சாமியிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. அதையெல்லாம் மற்றவர்கள் அளந்து கொட்டினார்கள். தண்ணீரை மட்டும் அவள் யார் கையிலும் விடவில்லை. குடம் அவள் காலடியிலேயே இருந்தது.

"கொஞ்சம் தாராளமா ஊத்தினா என்ன? மண்வெட்டி இறங்கவே மாட்டேங்கு" என்று சலித்துக்கொண்டார் ஒருவர்.

"இறங்கும். இன்னும் ரெண்டு தரம் புரட்டுங்க."

"இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது தாயி."

"தண்ணியிலதான் கஞ்சத்தனம். சோறு கேளுங்க, அள்ளி வைக்கேன்."

பாதித் தளம் போட்டாயிற்று. நல்ல உச்சி வெயில். கம்பிக்கு அடியில் கலவை சரியாக இறங்குகிறதா என்று பார்க்கச் செண்பகவல்லி ஏணியில் ஏறிப் போனாள். அந்த நேரம் பார்த்துத்தான் சாமி வந்தார்.

"ஏன்யா இப்படிச் சிரமப்படுறீங்க?"

"கலவை இறுக்கமா இருக்கு சாமி."

அவ்வளவுதான். சாமி குடத்தைத் தூக்கி ஊற்றினார். போதாதென்று இன்னொரு குடம். மண்வெட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஆகா! சாமி கை பட்டதும் எப்படி இளகிட்டு பாருங்க!"

ஒரு பெரியவர் அந்தக் கலவையில் ஒரு சொட்டு தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் இட்டுக்கொண்டார்கள். சாமிக்கு ஒரே சந்தோஷம்.

"இனிமே தண்ணி ஊத்துறது என் வேலை" என்றார்.

செண்பகவல்லி இறங்கி வந்தபோது பாண்டுச் சட்டிகளில் அந்தக் கலவையை அள்ளத் தொடங்கியிருந்தார்கள். பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சட்டியைக் கீழ வைங்க. இது மேல போகக் கூடாது."

"ஏன் போகக் கூடாது?"

கேட்டவர் நயினார் அண்ணாச்சி. ஆசிரமத்து நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான். யார் இங்கே தங்கலாம், யார் மூட்டை கட்டலாம் என்று சொல்வதும் அவரே.

"தண்ணி கூடிப்போச்சு அண்ணாச்சி."

"ஊத்துனது யாருன்னு தெரியுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சாமி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தெரியுது."

"பிறகென்ன? அது தண்ணி இல்லம்மா, தீர்த்தம்."

"தீர்த்தம்னா குடிங்க அண்ணாச்சி. கூரையில ஊத்தாதீங்க."

மண்வெட்டிகள் நின்றுவிட்டன. யாரோ "சிவ சிவா" என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணாச்சியின் முகம் கறுத்துப்போனது.

"நல்லாக் கேட்டுக்கோ. சாமி கை பட்டதை நீ கீழ கொட்டினா, சாயந்தரம் நீ இங்க இருக்கக் கூடாது."

செண்பகவல்லி சாமியின் பக்கம் திரும்பினாள். எங்கே போவது? யார் சேர்ப்பார்கள்? சாமி ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. அவருக்கு இன்னும் விஷயமே பிடிபடவில்லை, பாவம்.

பூவரசு நிழலில் பேச்சித்தாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லி மண்வெட்டியை வாங்கினாள். மொத்தக் கலவையையும், அது குழைத்த இரும்புத் தகட்டிலிருந்து மண்ணில் தள்ளிவிட்டாள். நிறைந்திருந்த சட்டிகளையும் அதன்மேலேயே கவிழ்த்தாள்.

சாமிதான் கேட்டார்.

"ஏன் தாயி?"

"குடத்தை வச்சிட்டுக் கையை நீட்டுங்க சாமி."

முந்தைய கலவையில் மிஞ்சியதை ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இறுக்கிப் பிடிங்க." பிடித்தார். கொழுக்கட்டை மாதிரி நின்றது.

மற்றக் கையில், இப்போது கொட்டியதிலிருந்து ஒரு பிடி வைத்தாள். அதையும் பிடித்தார். விரலிடுக்கு வழியாகச் சாம்பல் தண்ணீர் ஒழுகி முழங்கை வரை ஓடியது. கையில் மிஞ்சியது ஜல்லியும் மணலும்தான்.

"சிமெண்டு தண்ணியோட போயிருது சாமி. உள்ள நிக்கிற தண்ணி காஞ்சா, அது இருந்த இடமெல்லாம் ஓட்டை. மழை இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். ஒரு நாள் தளம் விட்டுரும். அதுக்கு அடியிலதான் இவங்க தொட்டில் கட்டுவாங்க."

சாமி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஊத்துனதாலயா?"

"ஆமா சாமி."

"ரெண்டு குடமும் கூடுதலா?"

"ரெண்டுமே."

"அட, கெடுத்தேனே!" சாமி வேட்டியை மடித்துக் கட்டி ஒரு மண்வெட்டியை எடுத்தார். "இதை இப்ப எங்க தள்ளணும்?"

"தொழுவத்து வாசலுக்கு சாமி. அங்க சேறாக் கிடக்கு."

"மாடு கோவிச்சுக்காதே?"

"அதுங்க நடக்க இது போதும்."

முதலில் இசக்கியப்பன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செண்பகவல்லிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. சிமெண்டு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பேச்சித்தாய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க மதினி. எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டு."

"கையைக் கழுவிருங்க சாமி, அரிக்கும்" என்றாள் செண்பகவல்லி மோரைக் குடித்துக்கொண்டே. அதைக் கேட்டதும் நெற்றியில் இட்டுக்கொண்ட ஐந்து பேரும் அவசர அவசரமாகத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்கள்.

நயினார் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். குடத்தைத் தானே எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார். "சரி சரி, வேடிக்கை பார்த்தது போதும். லேட்டானா பழசும் புதுசும் சேராம ஒட்டு விழுந்திரும். அடுத்த கலவையைப் போடுங்க" என்று சத்தம் போட்டார். சாயந்தரம் இங்கே இருக்கக் கூடாது என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

வெயில் தாழ்வதற்குள் தளம் முடிந்தது. நெளிவு சுளிவு இல்லாமல் நல்ல மட்டமாக வந்திருந்தது. எல்லோருக்கும் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. தொட்டியடியில் சாமி கால் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி வந்து கைகூப்பினார்.

"இப்பதான் எனக்கு விளங்குச்சு சாமி. நீங்க வேணும்னேதான் ஊத்தியிருக்கீங்க. செண்பகம் என்ன செய்யுதுன்னு சோதிச்சுப் பார்த்திருக்கீங்க!"

"அதானே!" என்றார்கள் கூட இருந்தவர்கள். "சாமிக்குத் தெரியாமலா இருக்கும்!"

"இல்லய்யா. எனக்கு நெசமாவே தெரியாது" என்றார் சாமி.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க சாமி." அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செண்பகவல்லி மட்டும் அதில் சேராமல் நின்றிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"சாமி, நான் கொட்டாம இருந்திருந்தா?"

சாமி துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார்.

"கூரை விழுந்திருக்கும் தாயி. அதையும் என் சோதனைன்னு சொல்லியிருப்பாங்க."