மதகோரக் கசிவும் மந்திரி சொன்ன கோணல் சட்டமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு கட்டளை போடுவார், மத்தியானம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவார். அதனால் காவலர்கள் முதல் கட்டளைக்குக் கொஞ்சம் மெதுவாகவே கிளம்புவார்கள். வீண் நடை எதற்கு?

மந்திரி அறவாழி சொன்ன யோசனைப்படி, ராஜா ஒரு பெரிய ஏரி வெட்டத் தொடங்கினார். கரைக்கு மண் போடும் வேலையை மொக்கையன் எடுத்தார். மதகுக்குக் கல் கட்டும் வேலையைச் சிதம்பர ஆசாரி எடுத்தார். இன்றைக்குக் காண்ட்ராக்டர் என்கிறோமே, அந்த மாதிரி. இருவரும் கலந்து பேசி, ஆள் மாற்றி ஆள் கொடுத்து, ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார்கள்.

அது பொறுக்குமா குலபூஷணருக்கு? சபையில் இருந்த பெரிய பிரபு அவர். மந்திரிக்கு ஒரு நல்ல பெயர் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நைசாக ராஜாவின் காதைக் கடித்தார்.

"மகாராஜா, இரண்டு பேரும் கூடிக் குலாவினால் வேலை நடக்குமா? போட்டி வையுங்கள். குறையில்லாமல் முடிப்பவனுக்குத் தங்கக் கடகம். எவன் வேலையில் குறை தெரிகிறதோ, அவன் குடும்பத்தோடு நாட்டைவிட்டு ஓடட்டும்."

"பேஷ்!" என்றார் ராஜா.

அன்றோடு பேச்சு நின்றது. ஆசாரியின் ஆட்கள் ஒரு பக்கம், மொக்கையன் ஆட்கள் மறுபக்கம். தண்ணீர்ப் பானைகூடத் தனித்தனி. வேலை என்னவோ பறந்தது. கோடை மழை ஒன்று பெய்து ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நின்றபோதுதான் சாயம் வெளுத்தது. மண்கரை மதகின் கல்சுவரைத் தொடும் இடத்தில் தண்ணீர் கசிந்தது.

மந்திரியும் பிரபுவும் பின்தொடர ராஜா ஓடிவந்தார். "ஏன் ஒழுகுகிறது?"

"என் கல்லுல ஊசி நுழைய இடமில்ல மகாராஜா. மண்ணைக் கேளுங்க" என்றார் ஆசாரி.

"என் மண்ணு இரும்புங்க சாமி. கல்லைக் கேளுங்க" என்றார் மொக்கையன்.

இருவருக்கும் காரணம் நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தால் பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்ட வேண்டுமே! கரைக்குக் கீழே வரிசையாக ஊர்கள். ஐப்பசி மழையில் கரை உடைந்தால் அத்தனையும் போய்விடும்.

"இரண்டு பேரையும் துரத்துங்கள்!" என்று கத்தினார் ராஜா.

"துரத்தலாம் மகாராஜா. ஓட்டையை அடைப்பது யார், குலபூஷணரா?" என்றார் மந்திரி.

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "வேறு என்ன செய்ய?"

"சட்டத்தை மாற்றுங்கள். கல் வேலையில் குறை வந்தால் மொக்கையன் நாட்டைவிட்டுப் போகட்டும். மண் வேலையில் குறை வந்தால் ஆசாரி போகட்டும். பரிசும் அப்படியே, ஒருவர் வேலைக்கு மற்றவருக்கு."

"இது நியாயமா ஐயா?"

"நியாயம் இல்லைதான். ஆனால் கரை நிற்கும்."

குலபூஷணர் துள்ளினார். "அக்கிரமம்! இந்தக் கோணல் திட்டம் தோற்றால் தண்டனை யாருக்கு?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதே சட்டம்தான். மந்திரி திட்டம் தோற்றால் நாட்டைவிட்டுப் போவது நீர்!"



மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மொக்கையன் மதகடிக்கு ஓடினார். "ஆசாரியாரே! சுவரோட முதுகை இப்படி வழவழன்னு விட்டிருக்கீரே, மண்ணு எங்க பிடிக்கும்? கொத்திவிடும் சாமி, எனக்கு நாலு புள்ளைங்க!"

"அதை விடும். சுவரோரத்துல எவன்யா சரளையைக் கொட்டினது? அள்ளிப் போட்டுட்டுக் களிமண் கொண்டாரும். கால் நோக மிதிக்கச் சொல்லும். நான் கட்டின வீட்டுல நானே இன்னும் குடிபோகல!"

"சரளைன்னு எனக்கும் தெரியும். சொன்னா தோத்திடுவேனே."

"சுவர் வழவழப்புன்னு எனக்குத் தெரியாதா? நானும் அதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். சுவரோரத்தைத் தோண்டினார்கள். கல்காரர்கள் சுவரின் முதுகைக் கொத்திச் சொரசொரப்பாக்க, மண்காரர்கள் களிமண்ணை நனைத்து மிதித்து ஏற்றினார்கள். பானையும் ஒன்றாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிதிக்கிறவர்களுக்கு நடுவே பட்டு வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய மனிதரும் மிதித்துக்கொண்டிருந்தார். "இன்னும் மிதியுங்கப்பா, இன்னும் மிதியுங்க! அந்த மூலை இளக்கமா இருக்கு பாருங்க!" வேறு யார், நம் குலபூஷணர்தான்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை கொட்டி, ஏரி கடல்போல நிரம்பியது. ராஜா, மந்திரி, பிரபு, மொக்கையன், ஆசாரி எல்லாரும் கரைக்குக் கீழே மதகோரமாகக் குனிந்து நின்று பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மொக்கையன் ஆசாரியைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார். மந்திரி "அப்பாடா!" என்று ஈரத்திலேயே உட்கார்ந்தார். கரைமேல் கூடியிருந்த ஊர்ச்சனம் குலவையிட்டது.

ராஜா கடகங்களை வரவழைத்தார். கல் வேலைக்கு மொக்கையனுக்கு ஒன்று, மண் வேலைக்கு ஆசாரிக்கு ஒன்று. மூன்றாவதை எடுத்துக்கொண்டு குலபூஷணர் பக்கம் திரும்பினார்.

"மந்திரியின் திட்டம் ஜெயித்தது. சட்டப்படி பரிசு உமக்குத்தான். கையை நீட்டும்."

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! இதைப் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தால், எதற்குக் கிடைத்தது என்று எல்லாரும் கேட்பார்களே!"

"கேட்கத்தான் கொடுக்கிறேன். கேட்கிற ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் நீரே சொல்லவேண்டும்."

ஊரார் கேட்கக் கேட்க அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாயிலிருந்து கிளம்பிய கதைதான் இது. நம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.