கீரி தள்ளிப்போட்ட தேர்வு

கரிப்புகை நுழையும் ஒரு காட்டில், இளைப்பு நோய் இல்லாத வளையே கிடையாது. காட்டின் விளிம்பில் மனிதர்கள் கரிமூட்டம் போடுவார்கள். பனிக்காலம் வந்தால் அந்தப் புகை பனியோடு சேர்ந்து தரையிலேயே படுத்துக்கொள்ளும். விலங்குகள் மூச்சுக்குத் திணறும்.

அதனால் அந்தக் காட்டில் மூச்சு வைத்தியர்களுக்குத் தனி மதிப்பு. ஆனால் யார் வேண்டுமானாலும் வைத்தியம் பார்த்துவிட முடியாது, குழந்தைகளே. யானை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். தேறியவர் கழுத்தில் யானை ஒரு மரப்பட்டையைக் கட்டிவிடும். அதுதான் உரிமம்.

ஆற்றின் இக்கரையில் ஒரு கீரி இருந்தது. படிப்பில் கெட்டி, பெருமையும் அதிகம். தேறிவிடுவோம் என்று வளை வாசலைக்கூடப் பெருக்கி வைத்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போனது.

தேறவில்லை. எழுபது மதிப்பெண் வேண்டும், கிடைத்தது அறுபத்தெட்டு.

"மூலிகைப் பாடத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. மார்புச் சத்தம் கேட்பதில்தான் தவறிவிட்டாய்" என்றது யானை. "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் தேர்வு உண்டு. எப்போது வருவாய்?"

"யோசித்துச் சொல்கிறேன், ஐயா" என்று சொல்லிவிட்டுக் கீரி தலையைக் குனிந்துகொண்டு வந்தது.

வழியில் முயலைப் பார்த்து, மறுபடி எப்போது எழுதலாம் என்று கேட்டது. முயலுக்கு எதிலும் அவசரம்.

"இரண்டே மதிப்பெண்தானே? அடுத்த பௌர்ணமிக்கே எழுது! கேள்வி மாறி வந்தால் தேறிவிடுவாய்" என்றது முயல்.

"மாறி வராவிட்டால்?"

"அதற்கடுத்த பௌர்ணமி!" என்று சொல்லிக்கொண்டே முயல் ஓடிவிட்டது.

ஆமைக்கு எதிலும் நிதானம். அது கீரியைப் பார்த்து, "மழைக்காலம் போகட்டும், பனிக்காலமும் போகட்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து படி. அவசரம் எதற்கு?" என்றது.

ஆற்றங்கரையில் நீர்நாய் இருந்தது. அதற்கு மனத்தில் பட்டதை அப்படியே சொல்லித்தான் பழக்கம். அக்கரையில் வைத்தியம் பார்க்கும் அந்த நீர்நாயும் முதல் தடவை தேறாமல் போனதுதான்.

"எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று எல்லோரையும் கேட்கிறாயே, எதில் தவறினாய்?" என்று கேட்டது.

கீரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மார்புச் சத்தத்தில்" என்றது.

"அப்படியானால் என்னோடு வா. என்னிடம் வரும் நோயாளிகளின் மார்பில் மூங்கில் குழலை வைத்துக் கேள். ஒரு மாதம் போதும். பிறகு எழுது."

தன்னோடு படித்த நீர்நாயின் பக்கத்தில், பட்டை இல்லாத கழுத்தோடு உட்காருவதா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கீரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஆமை சொன்னதுதான் சரி. நான் முழுதாகத் தயாரான பிறகு எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டது.

அன்று முதல் கீரி மூலிகைகளைப் படித்தது. தெரிந்ததையே மறுபடியும் மறுபடியும் படித்தது. அது சுகமாக இருந்தது. மூங்கில் குழல் மூலையில் கிடந்தது. யாராவது, "எப்போது தேர்வு?" என்று கேட்டால், "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லும். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஐந்து பௌர்ணமிகள் போயின. பனிக்காலம் வந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் பக்கத்துப் புதரில் இருந்த பெண் சருகுமான் பதறிக்கொண்டு ஓடி வந்தது.

"கீரியக்கா, என் வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்கிறது! நீர்நாய் கீழாற்றுக்குப் போயிருக்கிறதாம். நீங்களாவது வந்து பாருங்கள்!"

கீரி போனது. ஆண் சருகுமானின் மார்பு சீழ்க்கை அடிப்பதுபோல் சத்தம் போட்டது. கீரி அதை நிமிர்த்தி உட்கார வைத்தது. மூலிகையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் செய்தது. ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

உச்சிவேளையில் சீழ்க்கைச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது.

"பார்த்தாயா? சத்தம் நின்றுவிட்டது. இனி பயமில்லை, தூங்கட்டும்" என்றது கீரி.

"உதடு நீலமாக இருக்கிறதே அக்கா. கீழாற்றுக்கு ஓடிப்போய் நீர்நாயைக் கூட்டி வரட்டுமா?"

"எதற்கு? சத்தம்தான் இல்லையே."

பெண் சருகுமான் கீரியை நம்பியது. கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் காதை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காது சில்லிட்டுப் போயிற்று.

பொழுது சாயும் வேளையில் நீர்நாய் வந்தது. நடந்ததைக் கீரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

"காற்று இடுக்கில் நுழைந்து போனால்தான் சத்தம் வரும்" என்று கீரியைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னது. "வழி முழுவதும் அடைத்துவிட்டால் சத்தமும் நின்றுவிடும். அது குணம் இல்லை. அப்போதுதான் என்னைத் தேடி ஓடிவந்திருக்க வேண்டும்."

"குழலை வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்கும். நான் வரும்வரை தாங்கியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது."

மறுநாள் காலையில் கீரி ஆற்றைக் கடந்து போய் நீர்நாயின் பக்கத்தில் உட்கார்ந்தது. பட்டை இல்லாத கழுத்தை எல்லோரும் பார்த்தார்கள். கீரி குழலை மட்டுமே பார்த்தது. முதலில் எல்லா மார்பும் ஒரே மாதிரி கேட்டது. பிறகு ஒவ்வொன்றும் வேறு வேறாகக் கேட்கத் தொடங்கியது. இருபத்திரண்டே நாள்தான் ஆயிற்று. அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் தேர்வு எழுதித் தேறிவிட்டது.

யானை பட்டையைக் கட்டும்போது கீரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பெண் சருகுமான் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. கீரியைக் குறை கூறவும் இல்லை. அதன் வயிற்றில் இருந்த குட்டி கோடையில் பிறந்தது.

அடுத்த பனிக்காலத்தில் ஒரு காலை, வளைக்கு வெளியே சின்னதாக ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்டது. கீரி உடனே வெளியே ஓடி வந்தது. பெண் சருகுமான் தன் குட்டியை முட்டித் தள்ளி நடத்திக்கொண்டு போனது.

"உள்ளே கொண்டு வா! நான் பார்க்கிறேன்" என்றது கீரி.

சருகுமான் நின்றது.

"நீங்கள் இப்போது நன்றாகப் பார்க்கிறீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அக்கா. எனக்கும் தெரியும்" என்றது.

பிறகு குட்டியைத் தன் உடம்போடு அணைத்துக்கொண்டு, பனி மூடிய ஆற்றில் இறங்கி அக்கரையை நோக்கி நடந்தது.

நீதி: தவறிய பாடத்தைத் திருத்திக்கொள்ளும் வரை காத்திரு, அதைத் திருத்தக் கூச்சப்பட்டுக் காத்திராதே.