ஆளுக்கு ஒரு சுரம்

கனகவல்லி பெண்களுக்காகப் பாட்டுக் கட்டுவாள். ஐந்து பெண்களைச் சேர்த்துச் சேர்ந்திசையாகப் பாடவும் வைப்பாள். ஆனால் ஊர்ச் சங்கீத சபையில் அவர்களுக்குக் கடவுள் வாழ்த்து மட்டும்தான். மீதி மூன்று மணி நேரமும் ஆண்களுக்கு. இந்த வருஷம் அவள் போய்ப் பாதி நேரம் கேட்டாள்.

சபைத் தலைவர் தருமலிங்கத்துக்குத் தன் சுரஞானத்தில் பெருமை அதிகம்.

"உங்க பாட்டுல உரிமை, நியாயம்னு பேச்சுதான் இருக்கு. வெறும் சுரம் பாடுங்க, போதும். யார் வாயில ஒரு வார்த்தை வந்தாலும் அவங்களுக்கு இனிமே இந்த மேடை கிடையாது."

"சரிங்க ஐயா," என்றாள் கனகவல்லி.

விழாவன்று ஐந்து பெண்களும் வரிசையாக நின்றார்கள். முதல் பெண் 'ச' பாடினாள், அடுத்தவள் 'ரி'. மறுபடி முதல் பெண் 'ச'. மூன்றாமவள் 'ம' பாடி, 'மா' என்று இழுத்தாள். நான்காமவள் 'தா', ஐந்தாமவள் 'நீ'. மெட்டு சுற்றிச் சுற்றி வந்தது. முன்வரிசையில் இருந்த தலைவருக்குக் குஷி தாங்கவில்லை. தன் ஞானம் ஊருக்குத் தெரியட்டும் என்று தொடையில் தாளம் போட்டு உரக்கக் கூடவே பாடினார்.

"சரிசமமா தா நீ, சரிசமமா தா நீ."

கூட்டம் சிரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"வார்த்தை கூடாதுன்னு சொன்னேனே," என்று எழுந்தார்.

"எங்க பொண்ணுங்க ஆளுக்கு ஒரு சுரம்தான் பாடினாங்க," என்றாள் கனகவல்லி. "வார்த்தையாப் பாடினது நீங்க ஒருத்தர்தான் ஐயா. இனிமே மேடை யாருக்குக் கிடையாதுன்னு நீங்களே சொல்லிடுங்க."