மூன்று மீட்டர் தொண்ணூறு

"இந்த வீட்டு வண்டி காலையிலேர்ந்து மூணாவது தடவையா போகுது. உள்ள யாரையாவது கடத்தி வச்சிருப்பாங்களோ?"

இளநீர்க் கடைக்காரர் தன் மனைவியிடம் சொன்னது குழந்தைவேலுவின் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னாரோ என்றும் அவருக்குத் தோன்றியது.

வீட்டு வண்டி என்று கடைக்காரர் சொன்னது சரிதான். சமையல் மேடை, மடக்குக் கட்டில், கூரையில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த பெரிய வேன் அது. செந்திரு அம்மாவுக்கு மடமும் அதுதான், வீடும் அதுதான். அம்மாவுக்கு வயது முப்பத்தாறு. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய், கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு. எட்டு மாதமாக அவர்தான் சீடர், அவர்தான் டிரைவர். குரு சீடரை 'ஐயா' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார்.

"எங்கீங்க போகணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஆலம்பள்ளம்."

"அட, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தானே! ரயில்வே கீழ்ப்பாலத்துல பூந்து போனா பத்து நிமிஷம்."

"வண்டி முட்டாதா?"

"முட்டினா சொல்லுங்க. என் மச்சான்கிட்ட கிரேன் இருக்கு."

கடைக்காரரும் மனைவியும் சிரித்தார்கள். குழந்தைவேலு சிரிக்கவில்லை. கிரேன் வைத்திருக்கிற மச்சானை மனதில் குறித்துக்கொண்டார்.

வண்டிக்குள் அம்மா, ஜன்னலில் கட்டும் கொசுவலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். இளநீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் கருவி, யாரும் கேட்காமலே, "பயண நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம்" என்றது.

"பாருங்க அம்மா! பத்து நிமிஷம்னு அவன் சொல்றான். இது ரெண்டே முக்கால் மணி நேரம்கிற மாதிரி சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்."

அம்மா ஊசியில் நூல் கோத்தார்.

மணி நான்கேகால் ஆகியிருந்தது. ஐந்து மணிக்குக் காசிநாதன் ஆலம்பள்ளத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நியூசிலாந்தில் மகன் வீட்டுக்கு. திரும்பி வருவதாக இல்லை என்று கேள்வி.

பதினான்கு வருடங்களுக்கு முன் காசிநாதன் குழந்தைவேலுவின் உதவியாளர். ஓர் அளவையின்போது எல்லைக்கல் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. காசிநாதன்தான் பிடுங்கியிருப்பார் என்று குழந்தைவேலு சந்தேகப்பட்டார். சந்தேகத்தையே அறிக்கையாக எழுதினார். காசிநாதனுக்குப் பதவி உயர்வு போயிற்று. குடும்பத்தைவிட்டு எட்டு வருடம் எங்கோ ஒரு மாவட்டத்துக்கு மாற்றலாகிக் கிடந்தார். நான்கு வருடங்களுக்கு முன் யாரோ குழாய் பதிக்கத் தோண்டியபோது கல் கிடைத்தது. பழைய வெள்ளத்து வண்டலுக்கு அடியில், அதே இடத்தில், ஓர் அங்குலமும் நகராமல். படம் குழந்தைவேலுவின் செல்போனுக்கு வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம்தான் அம்மாவிடம் சொன்னார். அம்மா, "ஆலம்பள்ளம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

குழந்தைவேலு வண்டியைக் கிளப்பினார். கருவி பைபாஸ் பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினார். ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தினார்.

"இது வேணும்னே சுத்த விடுது அம்மா. பைபாஸ்ல இருக்கிற ஹோட்டல்காரன் எல்லாம் இந்தக் கருவிக் கம்பெனிக்குச் சொந்தமா இருப்பான். காலையிலேயும் இப்படித்தான் எழுபது கிலோமீட்டர் தள்ளி ஏதோ பாலத்துக்குக் கூப்பிட்டுச்சு. நான் விடுவேனா? திருப்பிட்டேன்."

"மூணு தடவை திருப்பினீங்க."

"மூணு தடவையும் வேற வேற வழி சொல்லுதே! உண்மை பேசுறவன் மாத்தி மாத்தியா பேசுவான்?"

அம்மா கிழிசலின் அடுத்த முனைக்கு ஊசியை நகர்த்தினார். அது குழந்தைவேலுவுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் இவ்வளவு நிதானமாகத் தைத்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"காசியைப் பார்த்துட்டா என் வேலை முடிஞ்சது. நான் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வண்டி ஓட்ட உங்களுக்கு ஆள் இல்ல." கருவியைத் தொட்டுக் காட்டினார். "நீங்க இதுல ஏதாவது மாத்தி வச்சீங்களா?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"கீழ்ப்பாலத்துக்கு விடுங்க ஐயா."

பாலத்துக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே, உயரே ஓர் இரும்புக் கம்பி. அதில் மஞ்சள் பலகை. உயரம் 3.3 மீ. குழந்தைவேலு இருபதடி தள்ளியே நிறுத்திவிட்டார்.

"இந்த மாதிரி பெரிய வண்டிக்கான கருவி முதல்ல என்ன கேட்கும் ஐயா?" என்றார் அம்மா.

"போகிற இடம்."

"அதுக்கும் முன்னால."

"வண்டியோட உயரம், அகலம், எடை."

"நம்ம வண்டி என்ன உயரம்?"

"ரெண்டு மீட்டர் தொண்ணூறு. தொட்டியோட சேர்த்து. நானே டேப் வச்சு அளந்தேன்." அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முப்பது வருட வேலையில் அவர் அளவு பிசகியதில்லை.

"இதுகிட்ட என்ன சொன்னீங்க?"

குழந்தைவேலு எதிரே இருந்த கம்பியைப் பார்த்தார்.

"மூணு தொண்ணூறு."

"ஒரு மீட்டர் கூடுதல் எதுக்கு ஐயா?"

"பலகை எழுதினவன் சரியா அளந்திருப்பான்னு என்ன நிச்சயம்? அதுக்கு முப்பது சென்டிமீட்டர். பாலத்துக்கடியில மறுபடி தார் போட்டு ரோட்டை உசத்தியிருப்பான். அதுக்கு முப்பது. வேகத்தடையில வண்டி குதிக்கும். அதுக்கு இருபது."

"இன்னும் இருபது இருக்கே."

"அது..." குழந்தைவேலு தேடிப் பார்த்தார். "சும்மா. இருக்கட்டுமேன்னு."

மேலே ஒரு சரக்கு ரயில் போயிற்று. நீளமான ரயில்.

"அப்போ இந்தக் கருவியை நம்பலாமா அம்மா?"

"ஐயா, காலையிலேர்ந்து அது உங்களைத்தான் நம்பிக்கிட்டிருக்கு."

அம்மா இறங்கினார். கொசுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு அடியில் நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். லாரி கிளீனர் போலக் கையை ஆட்டி, "வரலாம், வரலாம்" என்றார்.

குழந்தைவேலு முதல் கியரில் நகர்த்தினார். கம்பி நெருங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார். பாதியில் நிறுத்தி, இறங்கி, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். பின்னால் ஒரு டெம்போக்காரர் ஹாரன் அடித்து, "பெருசு, பாலத்தை விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்று கத்தினார். கூரைக்கும் பாலத்துக்கும் நடுவே நாற்பது சென்டிமீட்டர் வெளிச்சம் இருந்தது. ஏறி உட்கார்ந்து மறுபக்கம் வந்தார்.

அம்மா ஏறிக்கொண்டார். குழந்தைவேலு கருவியில் பழைய எண்ணை அழித்து இரண்டு தொண்ணூறு என்று போட்டார்.

"பயண நேரம் ஒன்பது நிமிடம்" என்றது கருவி.

ஆலம்பள்ளத்தில் அந்த வீடு பூட்டியிருந்தது. வாசல்படியில் இரண்டு பெட்டிகள். பக்கத்தில் காசிநாதன் நின்றுகொண்டு தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் வரும் என்று பார்த்தவர் முன்னால் வேன் வந்து நின்றது. இறங்கிய ஆளை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது.

"என்ன சார், இன்னும் ஏதாவது அளக்கணுமா?"

குழந்தைவேலு செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"அந்தக் கல்லு கிடைச்சிருச்சு காசி. வச்ச இடத்துலயேதான் இருந்திருக்கு. மண்ணு மூடிருச்சு. நீ தொடவே இல்ல."

காசிநாதன் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அவர் கேட்டபோது குரல் தாழ்ந்திருந்தது.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

போன மாதம் என்று சொல்லலாம். வழியெல்லாம் அப்படித்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். போன மாதம் தெரிந்தது, உடனே ஓடி வந்தேன். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. வேனுக்குள் அம்மா ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார்; இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நாலு வருஷம்" என்றார் குழந்தைவேலு. "நாலு வருஷம், ரெண்டு மாசம்."

தெருமுனையில் கார் திரும்பி வந்து, வேனுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது.

காசிநாதன் கார் டிரைவரைப் பார்த்துப் பொறுக்கும்படி கையைக் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, பூட்டிய கதவைத் திறந்தார்.