பதினான்கு ஈரல்களும் ஒரு பதக்கமும்

வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களின் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஊர்ப்பேர் வேண்டாம். அங்கே ஆராய்ச்சி மாணவி மங்கையர்க்கரசி ஐந்து வருஷமாக ஈரல் புற்றோடு மல்லுக்கட்டினாள். உயிரணுவை வளரத் தூண்டும் மரபணு ஒன்று, கட்டியில் மட்டும் வெறிபிடித்துக் கத்துகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நோயாளி ஒவ்வொருவரிடமும் கட்டியில் ஒரு துண்டு, பக்கத்து நல்ல ஈரலில் ஒரு துண்டு. மரபணு எழுதி அனுப்பும் ஆர்.என்.ஏ என்ற செய்தி எதில் அதிகமோ, அதற்கு ஃபிலிமில் கறுப்புப் பட்டை விழும். அந்தச் செய்தி பாலைப் போல, வெளியே வைத்தால் கெட்டுவிடும். உடனே ஐஸில் போட வேண்டும்.

அறுவை நிபுணர் தனிஸ்லாஸ், வெட்டியதும் கட்டியில் கொஞ்சம் கிள்ளி அவளுடைய ஐஸ் பெட்டியில் போடுவார். மிச்சத்தைத் தட்டில் வைத்து, பக்கத்தில் தானும் நின்று நாலு கோணத்தில் போட்டோ. அந்த மூஞ்சிக்கு ஈரலே தேவலை. அப்புறம் உளுந்து வடை, காபி. திரும்பி வந்துதான் நல்ல ஈரலில் ஒரு துண்டு.

பதினான்கு நோயாளிகள். பதினான்கிலும் கட்டி கறுப்பு, நல்ல ஈரல் வெளுப்பு. இந்த ஆராய்ச்சிக்குத் தங்கப் பதக்கம் என்றதும் மூன்று பேர் மொய்த்தார்கள்.

"வெட்டினது என் கை," என்றார் தனிஸ்லாஸ்.

"கசாப்புக் கடைக்காரர்கூடத்தான் ஈரல் வெட்டுறார். எந்த மரபணுன்னு சொன்னது நான்," என்றார் மங்கையின் வழிகாட்டி, பேராசிரியர் வைத்தீஸ்வரன்.

"ஃப்ரிட்ஜுக்குக் கையெழுத்துப் போட்டது யாராம்?" என்றார் கல்லூரி முதல்வர்.

மங்கைக்கு மட்டும் உறுத்தல். எல்லா உயிரணுவிலும் ஓயாமல் வேலை செய்யும் ஆக்டின் மரபணுவையும் அவள் பார்த்திருந்தாள். நல்ல ஈரலில் அதுவும் வெளுப்பு.

"சார், ஆக்டினும் தெரியல சார்."

"ஃபிலிம்ல அந்த வரியைக் கத்தரிச்சிடும்மா," என்றார் வைத்தீஸ்வரன். "உன் பட்டத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கில்ல?"

விழாவில், வெளியூர் நடுவர் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். "வேலை பாத்தது நீ. நீயே சொல்லும்மா, இந்த முடிவு வந்தது யாரால?"

முன்வரிசையில் மூன்று கழுத்துகள் நீண்டன. கத்தரிக்காத ஃபிலிம் அவள் பையில் இருந்தது. வாயைத் திறந்தால் பட்டம் போச்சு.

நீங்களே சொல்லுங்கள்: அந்தப் பதக்கம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வடைக்கு. ஃபிலிமை நடுவரிடம் நீட்டி, மங்கை அதைத்தான் சொன்னாள். வடை தின்று முடிக்கும் நாற்பது நிமிஷத்தில் நல்ல ஈரலின் ஆர்.என்.ஏ கெட்டுப்போயிருந்தது. ஓயாத ஆக்டினும் சேர்ந்து ஊமையானால் வேறென்ன? அப்புறம் இரண்டு துண்டையும் ஒரே நிமிஷத்தில் ஐஸில் போட்டு, புதிதாகப் பதினான்கு பேரிடம் பார்த்தாள். மூன்று பேரிடம் மட்டும் கட்டி நிஜமாகவே கத்தியது. அந்த மூன்றை வைத்து, வேறொரு வழிகாட்டியிடம், இரண்டு வருஷம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள். தனிஸ்லாஸ் திருந்தி போண்டாவுக்கு மாறிவிட்டார்.

யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் வாயை விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் எனக்கு ஈரல் ஸ்கேன் அந்த ஆஸ்பத்திரியில்தான்.