சுண்டைப் பூவின் பூட்டு

செடியும் பூச்சியும் பறவையும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எல்லாப் பூக்களும் திறந்தே கிடந்தன. வருகிறவர் வரலாம், தேன் குடிக்கலாம், மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போகலாம். கேட்டு எடுக்கும் வழக்கம் இல்லை. கொடுக்க மறுக்கும் வழக்கமும் இல்லை.

சுண்டையும் அப்படித்தான் இருந்தது. உலகில் அப்போது இருந்த சுண்டை ஒன்றே ஒன்று. அது ஓர் ஓடைக்கரையில், அகன்ற இலைகளும் தண்டெல்லாம் முள்ளுமாக, ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதன் பூக்கள் வெள்ளை. ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஐந்து மஞ்சள் பைகள் வாய் அகன்று விரிந்திருக்கும். தொட்டால் மகரந்தம் உதிரும். அடியில் ஒரு துளித் தேனும் இருக்கும்.

பூ நிறையப் பூத்தது. காய்தான் பிடிக்கவில்லை.

காரணம் தேனீக்கள். விடிந்ததும் அவை கூட்டமாக வந்தன. எடுத்த மகரந்தத்தை உருட்டிப் பின்னங்கால்களில் ஒட்டிக்கொண்டன. உடம்பில் படிந்ததையும் சீவி எடுத்துக்கொண்டன. பூவின் நடுவே நீண்டிருக்கும் சூல்முடியில் மகரந்தம் பட்டால்தான் காய் பிடிக்கும்; அதற்கென்று ஒரு துகளும் மிஞ்சவில்லை. மாலையில் பூ உதிர்ந்தது. மொட்டைக் காம்பு மட்டும் நின்றது.

இதற்கிடையில் ஒவ்வொரு மழைக்கும் ஓடை கரையைக் கொஞ்சம் அரித்தது. சுண்டையின் வேர்களில் பாதி வெளியே தொங்கின. ஒருநாள் கொண்டைக்குருவி வந்து கிளையில் உட்கார்ந்து அந்த வேர்களைக் குனிந்து பார்த்தது.

“இந்த வருஷத்துப் பெருவெள்ளத்தை நீ தாங்கமாட்டாய்” என்றது.

“தெரியும்.”

“பழம் இருந்தால் தின்றுவிட்டு, விதையை மேட்டில் கொண்டுபோய்ப் போடுவேன். வெறும் காம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?”

மறுநாள் காலையில் சுண்டை, தேனீக்களின் தலைவியிடம் பேசிப் பார்த்தது.

“அம்மா, எடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு துகளை மட்டும் என் சூல்முடியில் தட்டிவிட்டுப் போகக்கூடாதா?”

“சிந்தினால் வீண்தானே?” என்றது தலைவி, காலைச் சீவிக்கொண்டே. “எங்கள் கூட்டில் வந்து பார். எத்தனை பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன தெரியுமா?”

“எனக்கு ஒன்றுகூட இல்லையே.”

“உனக்கென்ன குறை? நாளைக்கும் பூக்கப்போகிறாய்.”

அப்போது தொலைவில் ஒரு கனத்த ரீங்காரம் கேட்டது. தேனீக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“முரசு வருகிறது. காதைப் பொத்திக்கொள்ளுங்கள்” என்றது ஒன்று.

வந்தது கருவண்டு. காய்ந்த முருங்கைக் கிளையைத் துளைத்து அதற்குள் தனியாகக் குடியிருந்தது. உடம்பு பெரிது, வேகம் குறைவு, எங்கே போனாலும் கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

“ஏன்டி, இந்தச் சத்தத்தைத் தாங்காமல்தான் உன் வீட்டுக்காரன் ஓடிப்போனானா?” என்று கேட்டது இன்னொரு தேனீ.

“இருக்கலாம். சொல்லிவிட்டுப் போகவில்லை” என்றது கருவண்டு.

தேனீக்கள் சிரித்துவிட்டுப் பறந்தன. கருவண்டு பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. எல்லாம் வழித்துத் துடைக்கப்பட்டிருந்தன.

“இன்றைக்கும் உனக்கு ஒன்றும் இல்லை, தங்கச்சி” என்றது சுண்டை.

“பரவாயில்லை அக்கா. முட்டை இடுவதற்கு முன்னால் ஓர் உருண்டை மகரந்த மாவு சேர்த்து வைக்க வேண்டும். பாதிகூட ஆகவில்லை. வேறெங்காவது பார்க்கிறேன்.”

கார்காலம் நெருங்கியது. சுண்டையிடம் கடைசிக் கொத்து மொட்டுகள் மட்டும் எஞ்சியிருந்தன. அவையும் போய்விட்டால் சுண்டை என்று ஒரு செடி உலகில் இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போகும். அன்று மாலை அது ஒரு முடிவுக்கு வந்தது. மொட்டுகளில் ஊறியிருந்த தேன் முழுவதையும் மேலே இழுத்து, அதையே பசையாக்கி, ஐந்து பைகளின் வாயையும் ஒட்டியது. பைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூம்பாக நின்றன.

கொண்டைக்குருவி பார்த்துக்கொண்டிருந்தது.

“பூட்டுகிறாய், சரி. திறக்கத் தெரியுமா?”

“முதலில் பூட்டுகிறேன். திறப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

காலையில் பூக்கள் விரிந்தன. தேனீக்கள் வந்து கூம்புகளின்மேல் முட்டிக்கொண்டன.

“இதென்ன, வீட்டைச் சாத்திவிட்டாய்?” என்றது தலைவி. நாக்கை நீட்டிப் பார்த்தது, தேனும் இல்லை. “நீயே வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? தின்னவா?”

தேனீக்கள் சிறிது நேரம் சுற்றிவிட்டு எள் வயலைப் பார்த்துப் போயின.

அதன் பிறகு சுண்டை பைகளைத் திறக்க முயன்றது. முடியவில்லை. பசையை இளக்கத் தேன் வேண்டும். இருந்த தேன் முழுவதும் பசையாகிவிட்டது. காற்றை அழைத்தது. காற்று கிளைகளை உலுக்கியது, பூக்கள் ஆடின, ஒரு துகளும் உதிரவில்லை. வண்ணத்துப்பூச்சி வந்து நாக்கை நுழைக்க இடம் தேடிவிட்டுப் போயிற்று.

“நான் கொத்திப் பார்க்கட்டுமா?” என்றது கொண்டைக்குருவி.

“கொத்தினால் பூவே போய்விடும்.”

உச்சிப்பொழுது கடந்ததும் இதழ்கள் தளர்ந்தன. தேனீக்களிடமிருந்து காத்ததைச் சுண்டை தன்னிடமிருந்தும் சேர்த்தே காத்துவிட்டது.

அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெளியே போயிருந்த கருவண்டு நனைந்து, சிறகு கனத்து, பாதி வழியில் சுண்டையின்மேல் விழுந்தது. தவழ்ந்து போய், தலைகவிழ்ந்திருந்த ஒரு பூவின் அடியில் தொற்றிக்கொண்டது.

“அக்கா, எடுக்க வரவில்லை. மழை விடும்வரை இப்படித் தொங்கிக்கொள்கிறேன்.”

“எடுக்க வந்தாலும் நடக்காது. நானே என்னைப் பூட்டிக்கொண்டேன்.”

கருவண்டுக்கு உடம்பு விறைத்தது. விறைத்தால் பறக்க முடியாது. அப்படிப்பட்ட வேளையில் சிறகுகளை மடக்கிவைத்துக்கொண்டு நெஞ்சை மட்டும் நடுங்கவைத்துச் சூடேற்றிக்கொள்வது கருவண்டுகளின் வழக்கம். அது மஞ்சள் கூம்பை ஆறு கால்களாலும் கட்டிக்கொண்டது.

“சத்தம் வரும். கோபித்துக்கொள்ளாதே.”

“இந்த மழையில் யாருக்குக் கேட்கப்போகிறது?”

கருவண்டு நடுங்கியது. நடுக்கம் கூம்புக்குள் இறங்கியது. பைகளின் உள்ளே அடைபட்டுக் கிடந்த மகரந்தம் எழும்பிக் குதித்தது. பசை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பையின் நுனியிலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விழுந்தது. அதன் வழியே மகரந்தம் புகைபோலப் பீறிட்டுக் கருவண்டின் வயிற்றில் படிந்தது.

“அக்கா, என்மேல் ஏதோ கொட்டுகிறது.”

சுண்டை அந்த ஊசிமுனைத் துளைகளைப் பார்த்தது. பிறகு சொன்னது:

“அடுத்த பூவுக்குப் போ. அங்கேயும் இதேபோல் நடுங்கு.”

“இப்போது எனக்குக் குளிரவில்லையே.”

“குளிராவிட்டாலும் நடுங்கு.”

கருவண்டு போயிற்று. அடுத்த பூவைக் கட்டிக்கொண்டபோது, கூம்பைத் தாண்டி நீண்டிருந்த சூல்முடி அதன் வயிற்றில் உரசியது. அதற்கடுத்த பூவிலும் அப்படியே ஆயிற்று. கொத்து முடிந்தபோது கருவண்டு தன் முட்டைக்கு ஓர் உருண்டை மாவு சேர்த்திருந்தது. அது எடுத்தது போக மிஞ்சியது, சேரவேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தது.

காய்கள் கொத்தாகப் பிடித்து, முற்றி, மஞ்சளாகப் பழுத்தன. கொண்டைக்குருவி வந்து தின்றது, மேட்டுக்குப் பறந்தது, மறுபடியும் வந்தது. கடைசிப் பழத்தைத் தின்றுவிட்டு அது போன சில நாட்களில் பெருவெள்ளம் வந்தது. கரை சரிந்தது. சுண்டை கரையோடு போயிற்று.

மேட்டில், வேலியோரத்தில், பாழ்மனைகளில், கொண்டைக்குருவி உட்கார்ந்த இடமெல்லாம் கன்றுகள் முளைத்தன. தாய் போட்ட பூட்டோடுதான் அவையும் பூத்தன. சுண்டைப் பூவில் தேன் இல்லை. பைகள் மூடியே இருக்கின்றன. நுனியில் ஊசிமுனைத் துளை மட்டும் உண்டு. கருவண்டு வந்து போன பிறகு இதழில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்க எப்போதாவது ஒரு தேனீ வரும். முரசைப் பற்றி இப்போது அது எதுவும் சொல்வதில்லை.

சித்திரை வெயில் காயும்போதும், குளிர் என்பதே இல்லாத நண்பகலிலும், கருவண்டு சுண்டைப் பூவைக் கட்டிக்கொண்டு நடுங்குவது அன்று முதல்தான்.